பட்டினி தீட்டிய ஓவியம் எங்கும் இல்லை

நம்மிடையே நெடுநாளாக ஒரு கருத்து உலவி வருகிறது. கலைஞன் என்றால் அவன் பட்டினி கிடக்க வேண்டும். கிழிந்த சட்டை அணிய வேண்டும். வீட்டு வாடகையைப் பாக்கி வைக்க வேண்டும். குடிக்க வேண்டும். இளமையிலேயே இறந்துவிட வேண்டும். இறந்த பின்னர் அவனுடைய ஓவியம் கோடிக்கணக்கில் விலை போக வேண்டும். இவையெல்லாம் பொருந்தினால்தான் அவன் உண்மைக் கலைஞனாம்!

இக்கருத்தைச் சொல்வோர் இரு சாரார். ஒரு சாரார் மேடையில் நின்று, "வறுமைதான் கலையின் தாய்" என்று முழங்குகின்றனர். மற்றொரு சாரார், "ஓவியம் சோறு போடாது, கணக்கைப் படி" என்று பிள்ளையின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்குகின்றனர். முன்னவர் புகழ்வதற்குச் சொல்கிறார். பின்னவர் அஞ்சிச் சொல்கிறார். ஆனால், இருவரும் நம்புவது ஒன்றையே. இருவரும் சான்றுக்கு அழைப்பதும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான். அது பாரிஸ் நகரின் வடக்கே நிற்கும் மொன்மார்த் குன்று. ரெனுவார், வான் கோ, துலூஸ்-லோத்ரெக், பிக்காசோ, மொதிலியானி என ஓவிய உலகம் கொண்டாடும் பெயர்கள் பலவும் அந்தக் குன்றோடு தொடர்புடையவை.

இவர்கள் அழைக்கும் அந்தச் சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்ய விரும்புகிறேன். அக்குன்றின் வரலாற்றைப் பொறுமையாகப் படித்தால், அது இவர்களுக்கு ஆதரவாகப் பேசவில்லை. எதிராகவே பேசுகிறது என்பது என் துணிபு.

1. பெயரே பிழை

இத்தகைய கலைஞர் குடியிருப்புகளைப் 'பொகீமியன்' வட்டாரம் என்கின்றனர். பொகீமியா என்பது இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி. நாடோடிகளாக வந்த ரோமா மக்கள் அங்கிருந்துதான் வந்தனர் என்று பிரெஞ்சுக்காரர்கள் தவறாக எண்ணி, அவர்களுக்கு அப்பெயரை இட்டனர். ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை மொழியியல் பின்னர் நிறுவியது. ஆக, அந்தச் சொல் பிறந்ததே ஒரு தவறான புரிதலில்.

அந்தச் சொல்லைக் கலைஞர் வாழ்க்கையோடு பிணைத்து உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஆன்றி முர்ஜே என்ற எழுத்தாளர். 1840களின் இடையில் ஓர் இதழில் சிறு சிறு கதைகளாக எழுதினார். 1849இல் அவை நாடகமாயின, 1851இல் நூலாயின. 1896இல் புச்சினி அதனை இசை நாடகமாக்கினார். அதன் பிறகு, குளிர்ந்த பரண் அறையில் பசியோடு காதலிக்கும் இளங்கலைஞன் உலகப் பொதுவுடைமை ஆகிவிட்டான்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முர்ஜே எழுதியது மொன்மார்த்தைப் பற்றி அன்று. ஆற்றின் தென்கரையில் மாணவர் வாழ்ந்த இலத்தீன் பேட்டையைப் பற்றி. அடுத்து, நாடகம் வெற்றி பெற்றுக் கையில் காசு வந்ததும் முர்ஜே அந்தப் பேட்டையை விட்டு ஆற்றின் மறுகரைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்! வறுமையின் அழகை உலகுக்கு விற்றவர், வாய்ப்புக் கிடைத்ததும் அந்த அழகிலிருந்து தப்பி ஓடினார். அவரை நான் குறை சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பர். ஆயினும், பழைய நாள்களின் பாதிப்பு அவர் உடலை விடவில்லை. 1861இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல், மருத்துவமனையில் இறந்தார்.

2. குன்று ஏன் கலைஞரை ஈர்த்தது?

"அந்த மண்ணில் ஏதோ ஒரு மாயம் இருந்தது" என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. மாயம் ஒன்றுமில்லை. வாடகை மலிவு, மதுவும் மலிவு. அவ்வளவுதான்.

மொன்மார்த் ஏறத்தாழ 130 மீட்டர் உயரமுள்ள குன்று. 1860ஆம் ஆண்டு தொடங்கும் வரை அது பாரிஸ் நகரைச் சேர்ந்தே இல்லை, தனி ஊர். நகருக்குள் கொண்டு வரப்படும் மதுவுக்கு நுழைவு வரி உண்டு. சுங்க மதிலுக்கு வெளியே அந்த வரி இல்லை. எனவே, மதிலை ஒட்டி வெளிப்புறத்தில் மதுக்கடைகளும் நடன அரங்குகளும் பெருகின. பாரிஸ் தொழிலாளர்கள் ஞாயிறுதோறும் அங்கே சென்றனர். பிற்காலத்தில் நாம் படிக்கும் 'களியாட்டக் குன்று' ஒரு வரி விதியின் விளைவு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

குன்றின் வயிற்றில் ஜிப்சம் இருந்தது. சுவர் பூசவும் சிலை வார்க்கவும் உலகம் பயன்படுத்தும் 'பாரிஸ் சாந்து' அதிலிருந்து செய்யப்படுவதே. பல நூற்றாண்டுகள் தோண்டித் தோண்டிக் குன்றைத் துளைத்துவிட்டனர். பின்னாளில் உச்சியில் திரு இருதயப் பேராலயம் கட்டியபோது, உறுதியான நிலத்தைத் தொடுவதற்கு 83 கிணறுகளைத் தோண்டிக் கற்காரையால் நிரப்ப வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பொள்ளல் நிலத்தில் செல்வர் மாளிகை கட்டுவாரா? செங்குத்தான சரிவில் வண்டியும் ஏறாது. இதே காலத்தில் ஓஸ்மான் நகர மையத்தை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தார். அங்கிருந்து துரத்தப்பட்ட ஏழைகள் விளிம்புகளுக்கு ஓடினர். மொன்மார்த் அத்தகைய ஒரு விளிம்பு.

ஓவியர்கள் அங்கே போனது, போக வேறு இடம் இல்லாததால். இதில் துறவும் இல்லை, தவமும் இல்லை.

3. மறைக்கப்பட்ட மக்கள்

கலைஞர் கதைகளைப் படிக்கும்போது, அவர்கள் வருவதற்கு முன் குன்று வெறும் பொட்டல் என்பது போல் தோன்றும். அங்கே கல் உடைப்போர் இருந்தனர். துணி வெளுக்கும் பெண்கள் இருந்தனர். தையல்காரிகள் இருந்தனர். அவர்களுடைய வரலாறு ஓவியர்களின் வரலாற்றைக் காட்டிலும் சிறியதன்று.

1871 மார்ச் 18. பிரஷ்யப் போரில் தோற்ற பிரெஞ்சு அரசு, மொன்மார்த் குன்றின் மேலிருந்த பீரங்கிகளைக் கைப்பற்றப் படையை அனுப்பியது. அந்தப் பீரங்கிகளுள் பல, பாரிஸ் மக்கள் தம் கைக்காசைத் திரட்டி வார்த்தவை. மக்கள் திரண்டு படையை மறித்தனர். பெண்கள் முன்னணியில் நின்றனர். சுட மறுத்துச் சிப்பாய்கள் மக்களோடு சேர்ந்தனர். படைத்தலைவர் இருவர் அன்று கொல்லப்பட்டனர். பாரிஸ் கம்யூன் எனப்படும் எழுச்சி அங்கிருந்தே தொடங்கியது. மே மாத இறுதியில் அரசுப் படை நகருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்று அதனை ஒடுக்கியது.

அந்த எழுச்சியில் ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். மொன்மார்த்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய லூயிஸ் மிஷேல். தோல்விக்குப் பின் பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. அம்மண்ணின் கனாக் மக்களுக்குக் கல்வி கற்பித்தார். 1880இல் பொதுமன்னிப்புக் கிடைத்து நாடு திரும்பினார். ஓர் ஆசிரியன் என்ற முறையில் மொன்மார்த் என்றதும் என் நினைவில் முதலில் நிற்பவர் இவரே. எந்த ஓவியரும் அல்லர்.

பேராலயத்தின் கீழுள்ள பூங்கா நெடுங்காலம் அதோல்ஃப் வில்லெத் என்ற ஓவியரின் பெயரைத் தாங்கியிருந்தது. 'கருப்புப் பூனை' விடுதியின் புகழ்பெற்ற ஓவியர்களுள் ஒருவர். அவரே 1889ஆம் ஆண்டுத் தேர்தலில் யூத எதிர்ப்பு வேட்பாளர் என வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு நின்றவர்! பொகீமிய வாழ்வு என்றால் பரந்த உள்ளம் என்று நினைப்போர் இதையும் அறிந்துகொள்ள வேண்டும். 2004இல் அப்பூங்காவின் பெயரை மாற்றி லூயிஸ் மிஷேலின் பெயரைச் சூட்டினர். 133 ஆண்டுகள் கழித்தேனும் குன்று தன் ஆசிரியையை நினைத்துக்கொண்டது.

4. யார் சோறு போட்டார்?

இனி விவாதத்தின் மையத்திற்கு வருகிறேன். மொன்மார்த்தின் பெரும் ஓவியர்கள் வறுமையால் வளர்ந்தனரா? ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

ரெனுவார். தையற்காரரின் மகன். பதின்மூன்று வயதளவில் பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, தட்டுகளிலும் கோப்பைகளிலும் பூ வரைந்து கூலி வாங்கியவர். கை பழகியது கூலி வேலையில். 1876இல் கொர்த்தோ தெருவில் இடம் வாடகைக்கு எடுத்து, மூலான் த லா கலெத் நடன அரங்கின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தீட்டினார். அதனை வாங்கியவர் குஸ்தாவ் காயெபோத், தாமும் ஓவியர், செல்வக் குடும்பத்தவர். தோழர்களின் ஓவியங்களை விலை கொடுத்து வாங்கியே அவர்களைக் காத்தவர். அவர் அரசுக்கு விட்டுச் சென்ற தொகுப்பினால்தான் அந்த ஓவியம் இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

துலூஸ்-லோத்ரெக். மூலான் ரூஜ் அரங்குக்கு 1891இல் அவர் வரைந்த சுவரொட்டி அவரை ஒரே இரவில் புகழேணியில் ஏற்றியது. அவர் ஏழையா? தென்பிரான்சின் பழம்பெரும் பிரபுக் குடும்பத்தின் வாரிசு! அவரை முப்பத்தாறு வயதில் கொன்றவை மதுவும் நோயும். அவரை ஓவியராக்கியவை பயிற்சியும், குடும்பத்திலிருந்து வந்த பணமும்.

வான் கோ. 'வறிய மேதை' என்றால் எல்லாரும் சுட்டும் பெயர். 1886 முதல் 1888 வரை லெப்பிக் தெரு 54ஆம் எண் வீட்டில் வாழ்ந்தார். அது யாருடைய வீடு? ஓவிய வணிக நிறுவனக் கிளையை நடத்திய தம்பி தியோவின் வீடு. ஏறத்தாழப் பத்தாண்டுகள், அண்ணன் இறக்கும் வரை, தியோ பணம் அனுப்பினார். குன்றின் அடிவாரத்தில் வண்ணக்கடை வைத்திருந்த தாங்கீ என்ற முதியவர், காசுக்குப் பதிலாக ஓவியங்களை வாங்கிக்கொண்டு வண்ணம் கொடுத்தார். அவர் கம்யூன் எழுச்சியில் பங்கேற்றுச் சிறை சென்றவர் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு தம்பியும் ஒரு கடைக்காரரும் இல்லையென்றால் வான் கோ என்ற ஓவியர் இல்லை. பட்டினி அவருக்கு ஒரு குழல் வண்ணத்தையும் வாங்கித் தரவில்லை.

சுசான் வலதோன். இவர் ஒருவரே இக்குன்றின் அசல் பிள்ளை. வீட்டு வேலையும் சலவையும் செய்து பிழைத்த ஒரு தாயின் மகள், 1865இல் பிறந்தவர். சர்க்கஸில் வித்தை செய்து, விழுந்து அடிபட்டு, ஓவியர்களுக்கு உருமாதிரியாக நின்று பிழைத்தார். ரெனுவாரின் நடன ஓவியங்களில் அவர் முகம் இருக்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் நின்றபடியே எதிரில் இருப்பவரின் கையைப் பார்த்துத் தொழில் கற்றார். அவர் வரைந்தவற்றைப் பார்த்துப் பாராட்டியதோடு நில்லாமல் விலை கொடுத்தும் வாங்கியவர் தெகா. 1896இல் வசதியுள்ள ஒருவரை மணந்த பின்னரே முழு நேரமும் ஓவியம் தீட்ட அவருக்கு முடிந்தது. ஏழைப் பெண்ணின் திறமை அதுவரை எங்கே இருந்தது? அங்கேயேதான் இருந்தது. நேரந்தான் இல்லை.

பிக்காசோ. அவருடைய தந்தை ஓவிய ஆசிரியர். ஆம் அன்பர்களே, பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்! மகனுக்குச் சிறு வயதிலிருந்தே தாளும் கரிக்கோலும் கொடுத்துப் பழக்கியவர். 1904இல் பிக்காசோ மொன்மார்த்தின் 'சலவைப் படகு' கட்டடத்தில் குடியேறினார். மரப்பலகைகளால் ஆன பழைய கட்டடம். அத்தனை குடியிருப்புக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். குளிர்காலத்தில் உறையும், கோடையில் வேகும். மேடைப் பேச்சாளர்கள் மெய்ம்மறந்து வருணிக்கும் இடம் இதுவே.

5. "ஆனால் பிக்காசோ பட்டினி கிடந்தாரே?"

கிடந்தார். மறுக்கவில்லை. அந்தப் பட்டினி என்ன செய்தது என்பதே கேள்வி.

1902ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசில் கவிஞர் மாக்ஸ் ஜாக்கோப்பின் அறையில் ஒண்டினார். அறையில் ஒரே கட்டில். பகலில் வேலைக்குச் செல்லும் ஜாக்கோப் இரவில் உறங்குவார். இரவெல்லாம் வரையும் பிக்காசோ பகலில் உறங்குவார். துணி வாங்கக் காசில்லாமல் அந்த மாதங்களில் பெரும்பாலும் தாளிலேயே வரைந்தார். வரைந்து முடித்த ஓவியத்தின் மீதே வேறோர் ஓவியத்தைத் தீட்டும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. 1901இல் தீட்டிய 'நீல அறை' ஓவியத்தின் அடியில் ஓர் ஆடவரின் உருவம் புதைந்திருப்பதை ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர். 'கிழட்டுக் கிதார்க்காரர்' ஓவியத்தின் அடியிலும் வேறு உருவங்கள் உள்ளன. சிந்தியுங்கள்! வறுமை ஓவியத்தைப் பெற்றுத் தரவில்லை. ஏற்கெனவே பிறந்த ஓவியத்தை விழுங்கியது.

இப்போது மறுபக்கம். 1905 முதல் ஸ்டைன் குடும்பத்தார் பிக்காசோவின் ஓவியங்களை வாங்கத் தொடங்கினர். 1906இல் வணிகர் வொலார் ஒரே நாளில் இருபது ஓவியங்களை 2,000 பிராங்குக்கு வாங்கினார். அந்தப் பணத்தில் பிக்காசோ அக்கோடையில் ஸ்பெயினின் மலைக்கிராமமான கோசோலுக்குப் போனார், ஓய்வாக இருந்தார், புதிய வடிவங்களைச் சோதித்தார். மறு ஆண்டே, 1907இல், இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் திசையை மாற்றிய 'அவிஞ்ஞோன் மங்கையர்' பிறந்தது. அதே பாழடைந்த 'சலவைப் படகு' கட்டடத்தில்தான். ஆனால், கையில் காசு வந்த பின்னர்! கோசோலில் கழிந்த அந்த மாதங்களை எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டின் ஓவியத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா?

இன்னும் ஒன்று. 1909இல் வசதி வந்ததும் பிக்காசோ 'சலவைப் படகை' விட்டுக் கிளிஷி பெருஞ்சாலையில் வேலைக்காரப் பெண்ணோடு கூடிய நல்ல வீட்டிற்கு மாறினார். 1912இல் குன்று வட்டாரத்தையே விட்டு மொன்பார்னாஸ் பக்கம் போய்விட்டார். வறுமையே தம் கலையின் ஊற்று என்று அவர் நம்பியிருந்தால் அந்த ஊற்றை விட்டு ஏன் போகிறார்?

பட்டினியிலிருந்து மீளாதவர்களின் கதையையும் சொல்லியாக வேண்டும். மொதிலியானி 1906இல் பாரிஸ் வந்து மொன்மார்த்தில் தங்கினார். 1920 சனவரியில், முப்பத்தைந்து வயதில், காசநோய் மூளையைத் தாக்க இறந்தார். 2015இல் அவருடைய ஓவியம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 17 கோடி டாலருக்கு மேல் விலை போனது. அந்தத் தொகையைக் கேட்டு நாம் வாய் பிளக்கிறோம். அவருடைய நாற்பதாம் வயது ஓவியங்களும் ஐம்பதாம் வயது ஓவியங்களும் எங்கே என்று எவரேனும் கேட்டோமா? வலதோனின் மகன் உத்ரில்லோ பதின்ம வயதிலேயே குடிக்கு அடிமை. குடியிலிருந்து மீட்கத் தாய் அவர் கையில் தூரிகையைக் கொடுத்தார். வண்ணத்தோடு சாந்தும் கலந்து குன்றின் வெள்ளைச் சுவர்களை அவர் தீட்டிய அழகை மறக்க முடியாது. ஆனால், அந்த ஓவியங்களுக்கு மதுக்கடைக்காரர் கொடுத்தது மேலும் மது.

இவர்கள் பெயராவது நமக்குத் தெரிகிறது. அந்தப் பரண் அறைகளில் இருமி இருமி இறந்து, ஓர் ஓவியமும் எஞ்சாமல் போனவர்களை யார் கணக்கெடுத்தார்? பிழைத்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி, "பாருங்கள், பட்டினி மேதைகளை உருவாக்குகிறது" என்பது, கப்பல் கவிழ்ந்து நீந்திக் கரை சேர்ந்த இருவரைக் காட்டி, "கப்பல் கவிழ்வது நீச்சலுக்கு நல்லது" என்பதைப் போன்றது.

6. குன்றை விற்றவர் யார்?

கலைஞர் வட்டாரம் எப்படி முடிந்தது? கலை வற்றியா? இல்லை. வாடகை ஏறி.

1881இல் 'கருப்புப் பூனை' விடுதி, 1889இல் மூலான் ரூஜ் என வரிசையாகத் திறந்தன. பணக்காரர்கள் 'ஏழைக் கலைஞர்களை' வேடிக்கை பார்க்க வண்டி கட்டி வந்தனர். 1900இல் சரிவில் இழுவை வண்டி ஓடத் தொடங்கியது. வடமேற்குச் சரிவில் தகரமும் பலகையுமாக நின்ற 'மக்கி' என்னும் புறம்போக்குக் குடிசைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டன. அந்த இடத்தில் ஜுனோ நிழற்சாலை வந்தது. 1926இல் அச்சாலையில் கவிஞர் திரிஸ்தான் சாராவுக்குக் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ் அழகிய வீடு கட்டினார். அதற்குள் அங்கே வீடு கட்ட வசதி வேண்டும் என்றாகிவிட்டது.

கலைஞர்கள் பெயரைக் கொடுத்தனர். பெயர் விலையை ஏற்றியது. ஏறிய விலை கலைஞர்களை வெளியேற்றியது. இதை நான் கசப்போடு சொல்கிறேன். 1905இல் பிக்காசோ 'லாப்பன் அஜீல்' மதுவிடுதிக்காகத் தீட்டிய ஓவியம் அதன் சுவரில் தொங்கியது. 1989இல் அது 4 கோடி டாலருக்கு மேல் விற்றது. அந்தப் பணத்தில் ஒரு காசும் குன்றில் ஓர் இளம் ஓவியருக்கு அறை வாங்கித் தரவில்லை. இன்று குன்றின் உச்சியில் தெர்த்ர் சதுக்கத்தில் நகராட்சி உரிமம் பெற்ற ஓவியர்கள், நெருக்கமான சிறு இடங்களில் அமர்ந்து சுற்றுலாப் பயணிகளின் முகத்தை வரைகின்றனர். அவர்களை நான் எள்ளவில்லை. உழைத்து உண்கின்றனர். ஆனால், அவர்களைச் சுற்றியுள்ள கடைகள் விற்பது ஓவியத்தையன்று. 'வறிய ஓவியன்' என்ற கதையை, குவளையிலும் காந்த ஒட்டியிலும் அச்சிட்டு!

எஞ்சி நிற்பவை எவை என்று பாருங்கள். இடிபடவிருந்த லாப்பன் அஜீல் நின்றது, ஏன்? பாடகர் புருவான் அதனை விலைக்கு வாங்கினார். 1933இல் குன்றின் ஒரு சரிவில் கட்டட முதலாளிகள் கை வைக்காதபடி திராட்சைத் தோட்டம் நட்டனர். அது இன்றும் இருக்கிறது. 1930களில் ஓர்தனேர் தெருவில் குறைந்த வாடகையில் ஏறத்தாழ 180 ஓவியக் கூடங்களைக் கட்டினர். அவை இன்றும் உள்ளன. நகரின் தென்பகுதியில் அல்ஃப்ரெட் பூஷே என்ற சிற்பி, 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியில் மிஞ்சிய மதுக் காட்சிக்கூடத்தை வாங்கிப் பெயர்த்து, 1902இல் 'தேன்கூடு' என்ற பெயரில் கலைஞர் குடியிருப்பாக்கினார். வாடகை பாக்கி வைத்தோரை அவர் விரட்டவில்லை. ஷகாலும் சூட்டினும் அங்கே வளர்ந்தவர்கள். 1960களின் இறுதியில் அதை இடிக்க முனைந்தபோது கலைஞர்களும் ஆர்வலர்களும் போராடி மீட்டனர். இன்றும் அங்கே கலைஞர்கள் வேலை செய்கின்றனர்.

கலைஞர் வட்டாரத்தைக் காத்தவை நிலமும் சுவரும் கூரையும் கட்டுப்படியாகும் வாடகையும். கதைகள் எதையும் காக்கவில்லை.

7. நமக்கு என்ன?

"ஐயா, பாரிஸ் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஓவியக் கல்வியும் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கதை நம் வகுப்பறைக்குள் நாள்தோறும் நுழைகிறது.

ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் கோழிகளும் மிதிவண்டிகளும் வரைந்து வைப்பாள். ஒவ்வொரு கோழிக்கும் தனித்தனிக் குணம் இருக்கும். பெற்றோர் சந்திப்பு நாளில் அவளுடைய தந்தையிடம் நல்ல வண்ணப் பெட்டி ஒன்று வாங்கித் தரும்படிச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மெதுவாக, "சார், படம் வரையறவங்க எல்லாம் கஷ்டப்பட்டுத்தானே செத்தாங்க?" என்றார். அவர் லாரி ஓட்டுபவர். தாம் பட்ட துன்பம் மகள் படக்கூடாது என்று நினைத்தார். அவர் மீது எனக்குச் சினம் வரவில்லை. அந்த வாக்கியத்தை அவர் காதில் போட்டவர்கள் மீதுதான் வந்தது.

மேடையில் நின்று வறுமையைப் போற்றுவோரே! நீங்கள் வீடு திரும்பியதும் உணவு காத்திருக்கும். உங்கள் பேச்சைக் கேட்ட தந்தையோ, தம் மகளை அந்தப் பரண் அறையில் கற்பனை செய்து பார்க்கிறார். நீங்கள் கலைக்குப் புகழ்மாலை சூட்டுவதாக எண்ணிக்கொண்டு, ஏழைப் பிள்ளைகளுக்குக் கலையின் கதவைச் சாத்துகிறீர்கள். பணக்காரப் பிள்ளைக்கு இந்தக் கதை வெறும் அழகு. ஏழைப் பிள்ளைக்கோ அது எச்சரிக்கை.

இதே வாய்கள்தாம் கலைஞனுக்குக் கூலி கொடுக்கும் நேரத்திலும் பேசுகின்றன. "நம்ம நிகழ்ச்சிதானே, ஒரு பதாகை வரைந்து கொடுங்கள், பேர் கிடைக்கும்" என்பார்கள். பந்தல் போடுபவரிடமும் உணவு சமைப்பவரிடமும் இப்படிக் கேட்பார்களா? கலைஞன் பட்டினி கிடப்பது அழகு என்று நம்புகிறவனுக்கு, அவன் கூலியைக் கொடுக்காமல் இருப்பதும் அழகாகத்தான் தெரியும். இக்கருத்தினால் மிச்சமாவது யாருடைய பணம் என்று பார்த்தால், அது ஏன் இத்தனை காலம் வாழ்கிறது என்பது விளங்கிவிடும்.

எனவே, மொன்மார்த்தைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஆனால், முழுவதையும் சொல்லுங்கள். பிக்காசோவைச் சொல்லும்போது ஓவிய ஆசிரியரான தந்தையையும் இருபது ஓவியம் வாங்கிய வணிகரையும் சொல்லுங்கள். வான் கோவைச் சொல்லும்போது தியோவையும் வண்ணக்கடைத் தாங்கீயையும் சொல்லுங்கள். வலதோனைச் சொல்லும்போது அவர் காத்திருந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள். அடுத்து, உங்கள் பள்ளியிலும் தாமானிலும் வரையும் பிள்ளை யாரென்று பாருங்கள். அப்பிள்ளைக்கு நல்ல தாளும் வண்ணமும் கிடைக்கச் செய்யுங்கள். வளர்ந்து வரைந்து கொடுத்தால் உரிய கூலியைக் கையில் கொடுங்கள்.

மறுப்போர் மறுக்கலாம். ஒரு வேண்டுகோள் மட்டும்: மறுப்பை எழுதுவதற்கு முன் இரண்டு வேளை உண்ணாமல் இருந்துவிட்டு எழுதுங்கள். பட்டினி உங்கள் எழுத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்று நாமும் பார்ப்போம்.